ஆச்சு என்று சொன்ன பிறகு

1

இந்தக் கதை நானாக உட்கார்ந்து யோசித்தது இல்லை. போன வைகாசியில், அதாவது 1986இல், ஆரப்பாளையத்தில் பஸ் ஏறப் போனேன். ஜன்னல் ஜன்னலாக வெள்ளரிப்பிஞ்சுத் தட்டை நீட்டிக்கொண்டு வந்த இருளாயி என்னைக் கண்டதும் தட்டை இறக்கி வைத்தாள். கையைத் திருப்பிக் காட்டி ஒரு கேள்வி கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிலிருந்து உட்கார்ந்தால் எழுந்திருக்கிறேன், எழுந்தால் உட்காருகிறேன். இந்தப் பத்தியை எழுதி முடிப்பதற்குள்ளேயே மூன்று தடவை எழுந்து தண்ணீர் குடித்தாயிற்று.

கேள்வியைக் கடைசியில் சொல்கிறேன். விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றினேன் என்று சொல்லக்கூடாது. ஒரு போட்டோ. அதில் இருளாயியும் அவள் மகனும் இருக்கிறார்கள். மகன் செத்துப்போனான். அந்தப் போட்டோவை அவள் எட்டு வருஷமாகக் கேட்கிறாள். எடுத்தவன் நான். இல்லாமல் ஆக்கியதிலும் பாதிப் பங்கு எனக்கு உண்டு.

(பாதி என்று எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது. அதையும் பிறகு பார்ப்போம்.)

2

தொடக்கம் ஒன்று: “வைகையில் தண்ணீர் வற்றிக் கிடந்த ஒரு மத்தியானம்—”

வைகையில் தண்ணீர் ஓடினால்தான் எழுத வேண்டிய சேதி. அடித்துவிட்டேன்.

தொடக்கம் இரண்டு: “சொக்கநாதன் மனிதர்களின் உண்மையான முகத்தைத் தேடி மதுரைத் தெருக்களில் அலைந்த ஒரு—”

ஒரு என்ன? கலைஞனா? சொக்கநாதன் நான்தான். என் பெயரை நானே படர்க்கையில் எழுதி, பக்கத்தில் ஒரு பட்டத்தையும் வைத்துக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதிப் பார்த்தேன், அழகாகத்தான் இருந்தது. அடித்துவிட்டேன்.

தொடக்கம் மூன்று: “சொக்கநாதன் ஒரு ஏமாற்றுக்காரன்.”

இது பரவாயில்லை என்று ஒரு நாள் முழுக்க வைத்திருந்தேன். மறுநாள் படித்தால், தன்னைத் தானே திட்டிக்கொண்டு நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறவனின் வாக்கியமாகத் தெரிந்தது. வாசகர்கள் “ச்சே, எவ்வளவு நேர்மையான மனுஷன்” என்று சொல்ல வேண்டும், அம்புட்டுத்தானே? போதும். தொடக்கமே வேண்டாம். நேரே லாசர் அண்ணன் ஸ்டூடியோவுக்குப் போய்விடுவோம்.

3

லூர்து ஸ்டூடியோவில் நான் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். முதலாளி லாசர் அண்ணன். பெண் பார்க்க அனுப்பும் போட்டோ, கல்யாண போட்டோ, பாஸ்போர்ட் சைஸ், மாலை போட்டு மாட்டுவதற்கான பெரிய படம், எல்லாம் உண்டு. வந்து நிற்கிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கழுத்து நிமிர்ந்துவிடும், கண் பிதுங்கிவிடும். யார் வந்து நின்றாலும் கேமராவுக்கு முன்னால் ஒரே முகம்தான். எனக்கு அது பிடிக்காது. இருபத்தாறு வயசு, பிடிக்காதது நிறைய இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் என் சொந்த யாஷிகா கேமராவை மாட்டிக்கொண்டு தெருவுக்குக் கிளம்பிவிடுவேன். தெருவிலும் இதே கதைதான். கேமராவைக் கண்டதும் டீ கிளாஸ் முதுகுக்குப் பின்னால் போகும், சட்டைப் பொத்தான் மேல் வரைக்கும் ஏறும், சிரித்துக்கொண்டிருந்த பெண் முந்தானையைச் சரிசெய்து சிலையாகிவிடுவாள்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். ஸ்டூடியோவில் படம் எடுத்ததும் லாசர் அண்ணன் “ஆச்சு” என்பார். அந்த வார்த்தை காதில் விழுந்த மறுநொடி வயிறு தளரும், தோள் இறங்கும். அதுவரை எங்கேயோ போயிருந்த ஆள் தன் முகத்துக்குத் திரும்பி வருவார். எடுக்க வேண்டிய நொடி அதுதான். அந்த நேரத்தில் லாசர் அண்ணன் கேமராவிலிருந்து பிளேட்டைக் கழற்றிக்கொண்டிருப்பார்.

ஸ்டூடியோ மூலையில் ஒரு பழைய பெட்டிக் கேமரா கிடந்தது. லென்ஸில் பூசணம். ஷட்டர் மட்டும் டக்கென்று நன்றாகச் சத்தம் போடும். அதைக் கேட்டு வாங்கி நெஞ்சில் தொங்கவிட்டேன். உள்ளே பிலிம் கிடையாது. நிஜமான யாஷிகா இடுப்போரம் தொங்கும். யாஷிகாவைக் கண்ணுக்குக் கொண்டுபோக வேண்டாம், குனிந்து அதன் கண்ணாடியைப் பார்த்தால் போதும், பிலிமைச் சுற்றுகிறான் என்றுதான் நினைப்பார்கள். ஆக, பெட்டியைத் தூக்கிக் காட்டுவேன். நிற்பார்கள். டக். “ஆச்சு” என்பேன். தளர்வார்கள். அப்போது குனிந்து யாஷிகாவை அமுக்குவேன்.

(அடிக்குறிப்பு மாதிரி: இப்படி மதுரையிலும் திருப்பரங்குன்றத்திலும் எடுக்காத போட்டோவுக்காக நின்றவர்கள் இருநூறு பேராவது இருப்பார்கள். “எப்பத் தருவீக?” என்பார்கள். “வரும்” என்பேன். உங்கள் வீட்டிலும் ஒருவர் காத்திருக்கக்கூடும். மன்னித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.)

4

1978, புரட்டாசி. ஆரப்பாளையத்தில் பொள்ளாச்சி பஸ் நின்றுகொண்டிருந்தது. வெள்ளரிப்பிஞ்சு விற்கிற ஒரு பொம்பளை தட்டோடு என் எதிரே வந்து நின்றாள். அவளுக்கு அப்போது நாற்பது வயசு இருக்கலாம். பக்கத்தில் தகரப்பெட்டியும் மஞ்சப்பையுமாக இருபது வயசு இளவட்டம்.

“ஏய்யா போட்டாக்காரரே, எங்க ரெண்டு பேரையும் ஒரு போட்டா புடிங்களேன். மகன் வேலைக்குப் போறான். கெணறு வெட்டுற வேலை.”

“யம்மா, சும்மா வாம்மா. எல்லாரும் பாக்குறாங்க.”

“பாத்தா பாக்கட்டும்டா. ஒன்னயத் தூக்கிட்டா போயிருவாக?”

எனக்கு எரிச்சலாக வந்தது. நான் கண்டக்டர் ஒருவரின் கொட்டாவிக்காகக் கால்மணி நேரமாகக் காத்திருந்தேன். பிலிமில் ஒரே ஒரு படம் மிச்சம். இவர்களைப் பார்த்தால் கையைத் தொங்கப்போட்டு நெட்டுக்குத்தாக நிற்கிற ஜாதி. டக்கென்று சத்தம் காட்டி அனுப்பிவிடலாம் என்று பெட்டியைத் தூக்கினேன்.

அவள் மிளகாய்ப்பொடி ஒட்டிய விரல்களைச் சேலையில் துடைத்தாள். மகன் உசரம். எட்டி அவன் தோளில் கையை வைத்தாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

டக்.

“ஆச்சு.”

அவள் கையை எடுக்கவில்லை. படம் முடிந்த பிறகும் கை தோளிலேயே இருந்தது. பஸ்ஸுக்குள்ளிருந்து அவன் கூட்டாளிகள், “டேய் அழகுமலை, பாப்பாவுக்குப் பால் குடுத்து அனுப்புறாகளாடா?” என்று கத்தினார்கள். அவன் முகம்—

என் விரல் தானாகவே அமுக்கிவிட்டது. பன்னிரண்டாவது படம்.

“எப்பய்யா கெடைக்கும்?” என்றாள். எவரிடமும் சொல்லாததை அன்று சொன்னேன். “லூர்து ஸ்டூடியோ. அடுத்த வாரம் வாங்க.” நல்ல படம் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் வாய் தவறியது. அவள் “அழகு, சாப்புடுடா, நேரத்துக்குச் சாப்புடு” என்று நகரும் பஸ்ஸோடு கொஞ்ச தூரம் ஓடினாள்.

5

அந்தப் படத்தை இப்போது நான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். இங்கேதான் பத்து நாளாக முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

“மகன் வெறுப்போடு தாயின் கையைத் தட்டிவிடுகிறான்.”

வெறுப்பா? இருபது வயசுக்காரனுக்கு நாலு பேர் முன்னால் வந்த ரோஷத்தை வெறுப்பு என்று எழுதினால் நான் மனுஷனா?

“மகன் கூச்சத்தோடு தாயின் கையை விலக்குகிறான்.”

பார்த்தீர்களா, ஒரே வார்த்தையில் பையன் நல்ல பிள்ளையாகிவிட்டான். புருவம் நெரிந்திருந்ததே, அதை எங்கே வைப்பது?

“மகனின் கை தாயின் கையில் படுகிறது. அவள்—”

அவள் என்ன செய்தாள்? அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை, அழுகை இல்லை. பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். இதற்கு மேல் எழுதினால் படத்தில் இல்லாததை நான் வரைகிறேன் என்று அர்த்தம்.

அன்று ராத்திரியே கழுவி, ஸ்டூடியோப் பேப்பரில் திருட்டுத்தனமாக ஒரே ஒரு பிரிண்ட் போட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், டார்க் ரூமில் துள்ளிக் குதித்தேன். இதற்காகத்தானே இத்தனை ஞாயிற்றுக்கிழமை அலைந்தேன்! மெட்ராஸ் வாரப் பத்திரிகை ஒன்று புகைப்படப் போட்டி வைத்திருந்தது. அதற்கு அனுப்பினேன். பின்னால் தலைப்பு எழுத வேண்டும் என்று போட்டிருந்தார்கள். “விடுதலை” என்று எழுதினேன்.

இந்த ஒரு வார்த்தையை மட்டும் நான் இந்தக் கதையில் அடிக்கப் போவதில்லை. இருக்கட்டும், எல்லாரும் பார்க்கட்டும்.

6

பஸ் ஏறிப் போன பதினோராம் நாள், பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றில் வெடி வைத்தபோது அழகுமலை மேலே ஏறி வருவதற்குள் வெடித்துவிட்டது.

ஒரு மாதம் கழித்து அவள் வந்தாள். கவுண்டரில் லாசர் அண்ணன் இருந்தார்.

“முகத்த மூடியே கொண்டாந்தாகய்யா. பாக்க விடல. பாக்குற மாதிரி இல்லைன்னுட்டாக. அன்னைக்கிப் புடிச்ச போட்டாவக் குடுங்க.”

லாசர் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். “இன்னும் கழுவலண்ணே, அடுத்த வாரம்” என்றேன். அவள் அடுத்த வெள்ளி வந்தாள். அதற்கடுத்த வெள்ளியும் வந்தாள். நாலாவது வெள்ளி அவள் தலை தெருமுனையில் தெரிந்ததும் நான் டார்க் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். உள்ளே இருட்டில் நின்றுகொண்டு, வெளியே அவள் குரலைக் கேட்டேன். “அந்தத் தம்பி இல்லையாய்யா? சரி, வாரேன்.”

அவள் போனதும் லாசர் அண்ணனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் முதலில் பெட்டிக் கேமராவைத் திறந்து பார்த்தார்.

“பிலிமே இல்லாமலாடா காட்டுன? அடப்பாவி! ஆறு வருஷமா எங்கூட இருக்க, இதைத்தான் கத்துக்கிட்டியா?”

பிறகு நெகடிவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“இதையாடா ஒரு தாய்க்குக் குடுப்ப? மகன் தள்ளிவிடுறதை? சட்டம் போட்டு, மாலை போட்டு, தெனம் காலைல இதுல முழிக்கணுமா அந்தம்மா?”

“என்னண்ணே செய்யுறது?”

“வையி. நான் பாத்துக்கிறேன்.”

(தொழில் குறிப்பு: நெகடிவில் பென்சில் வைத்தால் அந்த இடம் பிரிண்டில் வெளுக்கும், சுருக்கம் மறையும். பிளேடு முனையால் சுரண்டினால் இருட்டாக விழும், வேண்டாதது மறையும். பென்சிலை அழித்துவிடலாம். சுரண்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. இது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் நெகடிவை நீட்டினேன்.)

இரண்டு நாள் உட்கார்ந்து செய்தார். புருவத்து நெரிப்பு போயிற்று. தள்ளுகிற கை பஸ்ஸின் நிழலுக்குள் போயிற்று. அவள் கை சேலை மடிப்புக்குள் போயிற்று. தாயும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள், தாய் மகனைப் பார்க்கிறாள். பார்த்தால் கண் கலங்கும். அவ்வளவு சுத்தமான வேலை.

7

இந்த இடத்தில் லாசர் அண்ணனை வில்லனாக்கலாமா என்று யோசித்தேன். கதைக்கு வசதியாக இருக்கும். முடியவில்லை. அவர் அந்தப் படத்தைக் கவரில் போட்டு அவளிடம் கொடுக்கும்போது நாற்காலியை விட்டு எழுந்து நின்று கொடுத்தார்.

இருளாயி மகன் முகத்தைப் பார்த்தாள். கட்டைவிரலால் தடவினாள். “நல்லாருக்கான்” என்றாள். பிறகு படத்தைக் கிட்டத்தில் கொண்டுபோனாள். எட்டத்தில் பிடித்தாள்.

“என் கை எங்கய்யா?”

லாசர் அண்ணன் கவுண்டரைத் துடைக்க ஆரம்பித்தார்.

“தோள்ல போட்டுருந்தேனே. என் கையவும் காணம், அவன் கையவும் காணமே.”

“தாயி, அது கொஞ்சம் சரியா விழல...” என்று இழுத்தார் லாசர் அண்ணன்.

“இல்லய்யா, ஒங்களுக்குத் தெரியாது. இந்தத் தம்பி ஆச்சுன்னு சொன்னதுக்கு அப்பறம் அவன் என் கையத் தட்டிவிட்டான். சள்ளுன்னு. அதுதான்யா அவன் என்னயக் கடேசியாத் தொட்டது. பஸ்ஸுக்குள்ள போனவன் அப்பறம் எங்க தொட? அது போட்டாவுல விழுந்துருக்குமோன்னு ஒரு நப்பாசை. ஆச்சுன்னு சொன்னதுக்கு அப்பறம் நடந்தது எப்படி விழும்? எனக்குத்தான் புத்தி இல்ல.”

வாசகரே, கொஞ்சம் இங்கே நில்லுங்கள். நானும் எழுந்து போய்விட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். அந்த நிமிஷம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவளே எனக்கு ஒரு வழி போட்டுக் கொடுத்துவிட்டாள். விழவில்லை, விழ முடியாது, யார் மேலும் தப்பு இல்லை. படத்தை எடுத்துக்கொண்டு போயிருப்பாள். நான் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன்.

லாசர் அண்ணன் மூடவில்லை. “விழுந்துச்சு தாயி” என்றார். “நாந்தான் சுரண்டுனேன். ஒனக்கு நல்லதுன்னு நெனச்சு, இந்தக் கையாலதான் சுரண்டுனேன்.”

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது. நெகடிவைக் கேட்டு வாங்கினாள். வெளிச்சத்தில் பார்த்துப் புரியாமல், சுரண்டிய இடம் எது என்று கேட்டு, அங்கே விரலை வைத்தாள். கொஞ்சம் சொரசொரவென்று இருக்கும். பிறகு நெகடிவையும் படத்தையும் கவுண்டரில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.

அப்போதுதான் நான் ஓடிப்போய், “இன்னொரு பிரதி மெட்ராஸ்ல இருக்கும்மா. வரவச்சுத் தாரேன்” என்றேன். அவள் முகத்தில் வந்ததை நான் எழுதவில்லை. கையில் அப்போது கேமராவும் இல்லை.

8

எட்டு வருஷமாக “வந்துச்சா தம்பி?” என்கிறாள். “வரலம்மா” என்கிறேன்.

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

தபாலில் பிரிண்ட் திரும்பி வந்துவிடுகிறது. நல்ல முடிவுதான். ஆனால் நான் அன்று ஸ்டாம்பு ஒட்டிய கவர் வைக்கவில்லை. ஒன்பது கடிதம் போட்டேன், பதில் இல்லை. 1981இல் அந்தப் பத்திரிகையே நின்றுபோயிற்று.

அல்லது, அழகுமலை உசரத்தில் ஒருவனைப் பிடித்து நிறுத்தி, திரும்ப எடுத்துவிடுகிறேன். சிரிக்காதீர்கள், இதை நான் அவளிடமே போய்ச் சொன்னேன். அவள் ஒரு பிஞ்சைக் கீறி உப்பு மிளகாய் தடவி என் கையில் கொடுத்து, “நீ புடிச்சா அது அவன் கையா ஆயிருமா தம்பி? சாப்புடு” என்றாள். சாப்பிட்டேன். உறைத்தது.

அல்லது, பசுமலையில் வாத்தியாராக இருக்கும் ராயப்பன். இது முடிவும் இல்லை, கற்பனையும் இல்லை. போன வருஷம் பிள்ளைகளுக்குக் குரூப் போட்டோ எடுக்கப் போனபோது பேச்சுவாக்கில் அவரிடம் சொன்னேன்.

“பஸ்ஸு, ஒரு அம்மா, ஒரு பையன், கீழ விடுதலைன்னு போட்டுருந்துச்சா?” என்றார். “பாத்துருக்கேனே! 1979 தீபாவளி முடிஞ்ச வாரம், பாதிப் பக்கத்துக்கு வந்துருந்துச்சு.”

கேமராவைக் கீழே வைத்துவிட்டேன். “சார், அந்தப் பக்கம் இருக்கா?”

“எங்க இருக்க? மறு வருஷம் ஜூன்ல பள்ளிக்கூடம் தொறந்ததும் வீட்டுல கெடந்த பழைய புஸ்தகம் அம்புட்டையும் கிழிச்சுப் பிள்ளைகளுக்கு நோட்டு அட்டை போட்டுக் குடுத்தாச்சே. எவன் நோட்டுல போச்சோ!”

ஆக, நான் அந்தப் பத்திரிகையைப் புரட்டுவதை விட்ட பிறகு, ஒரு வருஷம் கழித்துப் படம் அச்சாகியிருக்கிறது. ஆயிரக்கணக்கில் அச்சாகியிருக்கிறது. அன்றிலிருந்து எந்தப் பழைய பேப்பர் கடையைப் பார்த்தாலும் உள்ளே நுழைந்துவிடுகிறேன். வடை கட்டித்தந்த தாளைப் பிரித்துப் படிக்கிறேன். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுப் பையனின் நோட்டு அட்டையைத் திருப்பிப் பார்த்து அவன் அப்பாவிடம் திட்டு வாங்கினேன்.

9

போன வைகாசியில் அவள் கேட்ட கேள்வி இதுதான். தட்டை இறக்கி வைத்துவிட்டு, வலது கையை நீட்டித் திருப்பினாள்.

“தம்பி, அவன் தட்டுனது இங்கிட்டா, இல்ல மணிக்கட்டுலயா? இந்தக் கைதானா? எட்டு வருஷமா அந்த எடத்தத் தொட்டுப் பாத்துக்கிட்டேதான் படுப்பேன். இப்பக் கொஞ்ச நாளா மறந்துபோச்சு தம்பி. எம்புட்டோ யோசிச்சுட்டேன், வரமாட்டேங்குது. நீ பாத்தீல்ல? நீ சொல்லு.”

நான் பார்த்தேன்தான். குனிந்து, யாஷிகாவின் கண்ணாடியில் பார்த்தேன். அதில் இடது வலதாகத் தெரியும், வலது இடதாகத் தெரியும். நான் அவன் புருவத்தைத்தான் பார்த்தேன். அவள் கையில் எந்த இடம் என்று நான் பார்க்கவில்லை.

ஏதாவது ஒரு இடத்தைக் காட்டியிருக்கலாம். காட்டியிருந்தால் நம்பியிருப்பாள். பிலிம் இல்லாத பெட்டியைத் தூக்கிக் காட்டிய கை இது, இன்னொரு தடவை காட்டுவதா கஷ்டம்? விரல் நீண்டுவிட்டது, சத்தியமாக நீண்டுவிட்டது. டிரைவர் ஹாரன் அடித்தார். “பாத்துச் சொல்றேன்மா” என்று பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், அவள் இன்னும் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பாதிப் பங்கு என்று முதலில் எழுதினேனே, அதை அடித்துவிட்டு முழுப் பங்கு என்று படித்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் முடிவு இல்லை. அது உங்கள் வீட்டுப் பரணில், பழைய பேப்பர் கட்டில், படிப்பை நிறுத்திவிட்ட யாரோ ஒரு பிள்ளையின் ஐந்தாம் வகுப்புக் கணக்கு நோட்டு அட்டையில் இருக்கலாம். பொள்ளாச்சி பஸ், ஒரு அம்மா, ஒரு பையன், கீழே வெட்கங்கெட்ட ஒரு தலைப்பு. கிடைத்தால் எனக்கு எழுத வேண்டாம். ஆரப்பாளையத்துக்கு வாருங்கள். மேற்கே போகிற பஸ்கள் நிற்கும் வரிசையில் இருளாயி என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். பக்கத்தை அவளிடமே கொடுத்துவிடுங்கள். அவளுக்கு இப்போது கண் அவ்வளவாகத் தெரியாது. அதனால் படத்தில் நன்றாகப் பார்த்துவிட்டு, எந்தக் கையோ, எந்த இடமோ, சரியாக அந்த இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள்.

தொட்டதும் உடனே எடுத்துவிடாதீர்கள். கொஞ்ச நேரம் கை அங்கேயே இருக்கட்டும்.